பதினேழாம் நம்பரின் ஏழு வினாடி

பிப்ரவரி 4

அனிமேஷன் படம் செஞ்ச சாருக்கு,

வணக்கம். நீங்க என்னைப் பார்த்ததில்ல. ஆனா என்னைப் படமாப் போட்டிருக்கீங்க.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை ஹால்ல, அட்டைப்பெட்டிக் கம்பெனி விபத்தைப் பத்தி நீங்க செஞ்ச படத்தைத் திரையில ஓட்டினாங்க. நூத்திப் பன்னெண்டு பொம்மை மனுஷங்க, தலைக்கு மேல நம்பர். பின்வாசல் கதவுக்கு வெளிய நிக்கிற பதினேழாம் நம்பர் நான்தான். பதினோரு வருஷமா அந்தக் கதவுக்கு வாட்ச்மேன். எல்லாரும் கதவண்ணன்னு கூப்பிடுவாங்க.

நடந்தது உங்களுக்கே தெரியும். மாடியில கரெண்ட் பெட்டி புகைஞ்சு மணி அடிச்சுது. பாதிப் பேர் முன் படிக்கட்டுல இறங்கித் தப்பிச்சாங்க. பின் படிக்கட்டுல வந்தவங்க, கதவு பூட்டியிருந்ததால உள்ளேயே நெரிஞ்சாங்க. அஞ்சு பேருக்கு எலும்பு முறிஞ்சுது. லேபிள் ஒட்டுற அக்கா செத்துப்போயிட்டாங்க.

உங்க படத்துல, மணி அடிச்ச பிறகு நான் இடுப்புல கையை வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறேன். கம்பெனி வக்கீல் படத்தை நிறுத்தி, என்னைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, "ஏழு வினாடி, ஐயா. ஏழு வினாடி இந்த மனிதர் அசையவே இல்லை"ன்னு அதிகாரிகிட்ட சொன்னார்.

நான் நிக்கல சார். மணி அடிச்ச உடனே ஓடினேன். அந்தப் பக்கத்துக் கேமரா ரெண்டு மாசமா வேலை செய்யல. அப்புறம் அந்த ஏழு வினாடியை எங்கிருந்து பிடிச்சீங்க? அது ஒண்ணைத்தான் கேக்கிறேன்.

படத்தோட கடைசியில உங்க ஸ்டூடியோ விலாசம் வந்துச்சு. அதைப் பார்த்து எழுதறேன்.

கதவண்ணன்


பிப்ரவரி 11

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி காட்சிப்படம், வாடிக்கையாளர் அளித்த கேமரா பதிவுகள், கட்டட வரைபடம், எழுத்துபூர்வமான வாக்குமூலங்கள் ஆகியவற்றின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது. விசாரணை நடைபெற்று வருவதால் இது குறித்து மேற்கொண்டு விளக்கம் அளிக்க இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அனிமேஷன் பிரிவு

பி.கு. சார் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைச் செய்தவள் பெண்.


பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

உங்க லெட்டர்ல கடைசி வரி மட்டும்தான் மனுஷி எழுதின மாதிரி இருந்துச்சு. மேல இருக்கிறதெல்லாம் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு எழுதினது. அதனால உங்களுக்கே எழுதறேன், ஸ்டாம்புக்கு இல்ல.

எனக்கு வலது தோள்பட்டை நாலு வருஷமா சரியில்ல. பின்னால கொண்டுபோனா உயிர் போகும். சட்டை போடுறதுக்கே வீட்டுக்காரி உதவி வேணும். அப்படிப்பட்டவன் வலது கையை இடுப்புல வச்சு, முழங்கையை வெளிய தள்ளிக்கிட்டு நிக்கிறேன் உங்க படத்துல. அந்தக் கை யாரோடது? என்னோடது இல்ல. கையே என்னோடது இல்லேன்னா அந்த ஏழு வினாடி மட்டும் எப்படி என்னோடதாகும்?

வேலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்காங்க. அது கிடக்கட்டும். படம் பார்த்த அன்னிக்கு ஹால்ல இருந்து வெளிய வரும்போது, என்கூட எட்டு வருஷம் டீ குடிச்சவங்க ரெண்டா விலகி வழி விட்டாங்க. மரியாதைக்கு விடுற வழிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்ல.

போன் பண்ணலாம்னு வீட்டுக்காரி சொன்னா. போன்ல பேசினா எனக்குக் கத்தத் தோணும். எழுதினா கை வலிக்குது, அதனால கோபம் கொஞ்சம் அடங்குது.

கதவண்ணன்


பிப்ரவரி 27

ஐயா,

இது வீட்டிலிருந்து எழுதுவது. இனி எழுதினால் உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் தோள்பட்டையைப் பற்றிப் படித்த பிறகு பழைய ஃபைலைத் திறந்து பதினேழாம் நம்பரைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

படத்தில் ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் எப்படி இருக்கிறார் என்று நாங்கள் ஒரு குறி வைப்போம். அதற்குக் கீஃப்ரேம் என்று பெயர். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்கும் அசைவைக் கணினி நிரப்பிக்கொள்ளும். கேமராவில் தெரிந்த அறுபத்துநான்கு பேருக்கும் பதிவைப் பார்த்துப் பார்த்து என் கையால் குறி வைத்தேன். மூன்று வாரம் ஆனது. பின் படிக்கட்டிலும் கீழேயும் இருந்த நாற்பத்தெட்டுப் பேரை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. அவர்களுக்கு எதைப் பார்த்துக் குறி வைப்பது? எல்லாரையும் ஒரே நொடியில் கிளப்பினால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கும். அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்றால் கணினிக்குக் கொடுக்கும் கட்டளை, பதினைந்து வரிதான். ஒவ்வொருவருடைய குறிகளையும் பூஜ்யத்திலிருந்து எட்டு வினாடி வரை இஷ்டத்துக்குத் தள்ளிப் போடு, சும்மா நிற்கும்போது கை கால் எப்படி இருக்கும் என்பதையும் நீயே பொறுக்கி எடு என்று அதில் இருக்கிறது. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. கூட்டம் வரும் படங்களில் எல்லாரும் செய்வதுதான். விளையாட்டு மைதானக் கூட்டத்துக்குச் செய்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

பதினெட்டுக்கு இரண்டு வினாடி விழுந்தது. பத்தொன்பதுக்கு ஒன்றரை. உங்களுக்கு ஏழு. இடுப்பில் கையும் அப்படி விழுந்ததுதான். யாரும் உங்களை நிற்கவைக்கவில்லை ஐயா.

முதலில் இந்த நாற்பத்தெட்டுப் பேரையும் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தேன், ஊகம் என்று தெரியட்டும் என்று. கம்பெனித் தரப்பில், பார்க்க நன்றாக இல்லை, ஒரே நிறமாக்குங்கள் என்றார்கள். ஆக்கினேன்.

இதை வெளியில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்டூடியோ முதலாளி என் அக்கா வீட்டுக்காரர். நான் குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியில். உங்களுக்காவது தெரியட்டும் என்று எழுதினேன். இதற்கு மேல் என்னால் என்ன முடியும் என்று தெரியவில்லை.


மார்ச் 3

அம்மாவுக்கு,

உங்க லெட்டரை வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்திட்டு ரெண்டு தடவை சத்தமாப் படிச்சா. "எல்லாருக்கும் தலையெழுத்தைக் கடவுள் எழுதுவார், உங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர் எழுதியிருக்கு"ன்னா. சிரிச்சோம். கொஞ்ச நேரம்தான்.

உங்களுக்காவது தெரியட்டும்னு எழுதியிருக்கீங்க. நான் நிக்கலேன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. அதை எனக்கே திருப்பிச் சொல்லி என்ன ஆகப்போகுது?

லேபிள் அக்கா வீட்டுக்காரர் எங்க தெருவுலதான் சைக்கிள் கடை வச்சிருக்கார். முன்னெல்லாம் நான் சைக்கிள்ல போனா கூப்பிட்டு நிறுத்தி, கேக்காமலே டயரை அமுக்கிப் பார்த்துக் காத்தடிச்சு விடுவார். இப்போ நான் வர்றது தெரிஞ்சா ஸ்பேனரைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிறார். நான் தாண்டிப் போற வரைக்கும் நிமிர மாட்டார். அந்தப் படத்தை அவரும் முன் வரிசையில உக்காந்து பார்த்தார்.

அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க, சீட்டுக் குலுக்கினோம்னு. விசாரணை அதிகாரிகிட்ட சொல்லுங்க. என்கிட்ட வேண்டாம்.

கதவண்ணன்


மார்ச் 9

ஐயா,

நீங்கள் சொன்னது சரி. பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது.

இடையில் ஒன்று செய்து பார்த்தேன். அந்தக் குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே குலுக்கல் மறுபடியும் வரும். நான் கொடுத்திருந்த எண் 1. யோசித்துக் கொடுத்ததில்லை, விசைப்பலகையில் முதலில் இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது 2 கொடுத்து ஓட்டினேன். நீங்கள் அரை வினாடியில் கிளம்பிவிட்டீர்கள். படிக்கட்டின் நடுவில் நாற்பத்துமூன்றாம் நம்பர் எட்டு வினாடி மரம் மாதிரி நிற்க, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவர் மேல் போய் மோதினார்கள். 3 கொடுத்தேன், வேறு யாரோ. பத்து வரைக்கும் ஓட்டினேன். பத்து படத்தில் பத்துப் பேர் மேல் குற்றம் சொல்லலாம். எல்லாமே நம்பும்படியாக இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். படத்தை மணி அடித்ததிலிருந்து ஒரு நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது மிச்சம் கிடந்த பதிவுகளைப் பார்த்தேன். தெருப் பக்கத்துக் கேமராவில் பின்வாசல் தெரியாது, ஆனால் அந்த வழியாக முதல் ஆள் தெருவுக்கு வந்து சேருவது மணி அடித்து மூன்று நிமிடம் பத்து வினாடிக்குப் பிறகு.

நீங்கள் உடனே ஓடிக் கதவைத் திறந்திருந்தால் அவர்கள் ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள்? சாவி காவலாளியிடம் இருந்தது என்று எங்களுக்குக் கொடுத்த தாளில் எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

நீங்கள் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.


மார்ச் 13

அம்மா,

நாப்பத்தி மூணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? வரைபடத்துல அந்த இடத்துல இருந்தது டேப் மெஷின் பொண்ணு. ஏழு மாசம் கர்ப்பம். வயித்தைக் கையால மூடிக்கிட்டு சுவரோட ஒட்டி நின்னு பொழைச்சு வந்திருக்கா. அவளை மரம் மாதிரி நிக்கவச்ச படத்தை யார் கண்ணுலயும் காட்டிடாதீங்க.

மூணு நிமிஷம்னு வக்கீல் மாதிரியே கேக்கிறீங்க. அவர் வாயால கேட்டார், நீங்க பேனாவால கேக்கிறீங்க. எனக்கு உங்க உதவி வேண்டாம். இனிமே எழுத வேண்டாம்.


மார்ச் 17

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

படத்தோடு ஒரு சான்றிதழ் கொடுத்தோம். "இதில் வரும் அசைவுகள் அனைத்தும் ஆதாரங்களின் அடிப்படையில் அமைந்தவை." அடியில் என் கையெழுத்து. அனைத்தும் என்ற சொல்லைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பேனா நின்றது. அத்தான் வாசலில் காரை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்தார். போட்டுக் கொடுத்துவிட்டேன். ஹாரனை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவ்வளவு சின்னக் காரணத்துக்காகத்தான் போட்டேன்.

உங்களை மாட்டிவிடக் கேட்கவில்லை. நீங்களும் அப்படி ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்துக் கேட்டேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.


மார்ச் 24

அம்மாவுக்கு,

கிழிக்கல.

இதை எழுத நாலு தாள் வீணாப் போச்சு. வீட்டுக்காரிக்கே போன வாரம்தான் முழுசாச் சொன்னேன். அவ ஒரு சட்டைக்கு நாலு பட்டனையும் தப்பான பக்கத்துல தச்சு, அப்புறம் பிரிச்சா.

சாவி என்கிட்ட இல்ல. விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி அட்டைக் கட்டு ரெண்டு காணாமப் போச்சுன்னு, பின்வாசல் சாவியை சூப்பர்வைசர் வாங்கிக்கிட்டார். மாடியில, முன்பக்கம், அவர் ரூம் ஆணியில தொங்கும். நான் வெளிய, பூட்டின கதவுக்கு வாட்ச்மேன்.

மணி அடிச்சதும் ஓடினேன்னு சொன்னது சத்தியம். ஆனா கதவைப் பார்த்து ஓடல. கட்டடத்தைச் சுத்திக்கிட்டு முன் வாசலுக்கு ஓடினேன். முன் படிக்கட்டுல எல்லாரும் இறங்கறாங்க, நான் ஒருத்தன் ஏறறேன். திட்டினாங்க. ஒருத்தர் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார், கிழிச்சுக்கிட்டு ஏறினேன். ரூம்ல சூப்பர்வைசர் இல்ல. ஆணியில ஒரே கொத்துல ஒன்பது சாவி, எல்லாம் ஒரே மாதிரி, எது எந்தக் கதவுக்குன்னு சீட்டு இல்ல. கொத்தோட எடுத்துக்கிட்டு வந்த வழியே திரும்பி ஓடிவந்து ஒவ்வொண்ணாப் போட்டேன். ஆறாவது சாவி திறந்துச்சு.

ஏழு வினாடி இல்லம்மா, மூணு நிமிஷம். ஆனா அந்த மூணு நிமிஷமும் நான் ஓடிக்கிட்டுதான் இருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல சூப்பர்வைசர் என் பக்கத்துல வந்து உக்காந்தார். "சாவி உங்ககிட்ட இருந்ததாவே இருக்கட்டும்ணே. பதட்டத்துல கொஞ்சம் லேட்டாச்சுன்னு எழுதிக் கொடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு. வேற மாதிரி சொன்னா கம்பெனியே மூடிடும், எல்லார் பொழைப்பும் போயிடும்"னார். எதுத்த பெட்டுகள்ல கால்ல கட்டுப் போட்டவங்க மூணு பேர் படுத்திருந்தாங்க. அவங்களும் என்கூட வேலை செஞ்சவங்கதான். எல்லார் பொழைப்பும்னு சொன்னது காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கு ஹாரன் சத்தம். எனக்கு இது.

கதவண்ணன்


மார்ச் 29

ஐயா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முன் படிக்கட்டுப் பதிவையும் மறுபடி பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் ஏறுகிறவர் யார் என்று அடையாளம் தெரியவில்லை.

நேற்று அத்தானிடம் பேசினேன். பத்து படத்தையும் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். கெட்டவர் இல்லை, வேலையில் பிழை வந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பார்த்து முடித்துவிட்டு, "நீ இதை வெளியே கொண்டுபோனால் இனி எந்த விசாரணை வேலையும் நமக்கு வராது. பன்னிரண்டு பேர் இங்கே வேலை செய்கிறார்கள்" என்றார். எல்லார் பொழைப்பும். உங்கள் சூப்பர்வைசர் சொன்ன அதே பேச்சு. அப்போது அக்கா உள்ளே வந்தாள். "உனக்கு இருக்க இடம் கொடுத்து வேலையும் கொடுத்தவருக்கு நீ செய்வது இதுதானா?" என்று கேட்டாள். இரண்டும் கொடுத்தது உண்மைதானே.

இன்று காலை விசாரணை அதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். படத்தைச் செய்தவள் நான், அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று. ஏப்ரல் எட்டாம் தேதி வரச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு அனுமதி கேட்க வேண்டும். நமக்குள் எப்படிப் பழக்கம் என்று கட்டாயம் கேட்பார்கள். கடிதம்தான் என்றால் காட்டு என்பார்கள். காட்டினால் சாவி விஷயமும் அவர்கள் கைக்குப் போகும். நீங்கள் முதலில் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும். அதற்குத் தனியாக நடவடிக்கை வரலாம். காட்டாதே என்றால் காட்ட மாட்டேன். குலுக்கலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறேன். ஏழு வினாடிப் பழி அதிலேயே போய்விடும்.

நீங்களே முடிவு செய்யுங்கள்.


ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

காட்டுங்க. நான் முதல் லெட்டர்ல சாவியைப் பத்தி மூச்சு விடாம எழுதினதும் அதுல இருக்கட்டும். ஒண்ணையும் எடுத்துடாதீங்க.

ஏழு வினாடி மட்டும் போச்சுன்னா நான் தப்பிச்சுக்குவேன். ஆணியில தொங்கின சாவியும் தப்பிச்சுக்கும்.

வீட்டுக்காரி கேக்கச் சொன்னா: எட்டாம் தேதிக்கு அப்புறம் எங்க தங்குவீங்க? எங்க வீட்டுல ஒரு ரூம்தான், ஆனா தையல் மெஷினை நகர்த்திடலாம்னு சொல்றா.

கதவண்ணன்


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

இப்படிக் கூப்பிடலாமா? ஹால்ல பார்த்தப்போ அப்படித்தான் தோணுச்சு. நீங்க கண்ணாடி போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன், போடல. பேசிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டதால தலையை மட்டும் ஆட்டினேன். நீங்க பார்த்தீங்களான்னு தெரியல.

உங்களுக்குத் திரை பக்கம் முகம். பின்னால இருந்தவங்க முகத்தை நீங்க பார்த்திருக்க முடியாது, அதனால சொல்றேன். ஒண்ணாம் நம்பர் படத்தை ஓட்டினப்போ எல்லாரும் பழக்கப்பட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டாவது நாப்பத்தி மூணுன்னு பயந்தேன். நீங்க அதை விட்டுட்டு நேரா மூணுக்குப் போனீங்க. அதுல நின்னது கட்டிங் மெஷின் பையனோட இடத்துல இருந்த பொம்மை. அவன் எந்திரிச்சு "ஐயோ, நான் இல்லைங்க"ன்னு கத்தினான். நாலாவதுல வேற ஆள். அஞ்சாவதுல லேபிள் அக்கா இடத்துல இருந்த பொம்மையே நின்னு வழியை மறைச்சுது. அவங்க வீட்டுக்காரர் நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஆறாவது ஓடும்போதே அதிகாரி "போதும்"னுட்டார்.

அப்புறம் அவர் கேட்டார் பாருங்க, "கேமராவுல தெரிஞ்சதை மட்டும் காட்ட முடியுமா?" நீங்க ஏதோ ஒரு பட்டனைத் தட்டினீங்க. நாங்க நாப்பத்தெட்டுப் பேரும் காணாமப் போயிட்டோம். பின் படிக்கட்டு காலியா இருந்துச்சு. கதவுகிட்ட யாருமே இல்ல. கம்பெனி வக்கீல் தாளைப் புரட்டிக்கிட்டிருந்தார்.

அதுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. முன்னாடி எழுதிக் கொடுத்தது பொய்னு என் வாயால சொன்னேன். எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டார். "வேலை போயிடும்னு பயம்"னேன். அலங்காரமா வேற என்ன சொல்ல? தெருக் கேமரா, ஒன்பது சாவி, ஆணி எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவே இல்ல.

உங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

கதவண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

கூப்பிடலாம். தலையை ஆட்டியதையும் பார்த்தேன். திருப்பி ஆட்டினால் அழுதுவிடுவேன் என்று லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது படத்தில் அந்த அம்மாவின் இடம் வரும் என்று எனக்குத் தெரியாது. எல்லாருடைய இடத்தையும் நான் விசாரித்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னதால் நாற்பத்துமூன்றை விட்டேன், மற்றவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. படம் செய்தபோது செய்த அதே தப்பை அதை மறுக்கும்போதும் செய்திருக்கிறேன். அவர் கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படி என்று தெரியவில்லை.

வேலை இல்லை. அத்தான் போகச் சொல்லவில்லை, என் மேஜையை மட்டும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். மாடியைக் காலி செய்துவிட்டு, கூட வேலை பார்த்த தோழி வீட்டில் இருக்கிறேன், அதனால் தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அண்ணியிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வரி எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

அக்கா பேசுவதில்லை. விட்டு வந்த துணிகளை ஒரு பையில் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். கோபத்தில் திணித்து அனுப்பியிருப்பாள் என்று திறந்தால், ஒவ்வொன்றும் மடித்திருந்தது. சட்டைக் காலரைக்கூட நீவிவிட்டிருந்தாள்.

இப்போது தனியாக எடுத்த வேலையாகச் சோப்பு விளம்பரம் ஒன்று செய்கிறேன். நுரைக் குமிழிகள். ஆயிரக்கணக்கில். அதற்கும் அதே ஸ்கிரிப்ட்தான். குமிழிகள் கடிதம் போடாது என்ற தைரியத்தில் குலுக்கிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி


ஜூலை 2

தங்கச்சிக்கு,

அறிக்கை வந்துடுச்சு. உங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும், இருந்தாலும் எழுதறேன். படத்தை ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு போட்டிருக்கு. வேலை நேரத்துல பின்வாசலைப் பூட்டி வச்சதுக்கும், சாவியை எடுத்துக்கிட்டுப் போனதுக்கும் கம்பெனியும் சூப்பர்வைசரும் பொறுப்புன்னு போட்டிருக்கு. பொய்யா எழுதிக் கொடுத்ததுக்காக எனக்கு எச்சரிக்கை. வேலை திரும்பக் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் போகல. ஒரு நூலகத்து வாசல்ல நிக்கிறேன் இப்போ. கதவு நாள் பூரா திறந்தே கிடக்கும். எனக்கு வேலையே இல்ல, குடையை வாங்கி வைக்கிறதைத் தவிர.

முந்தாநாள் சாயங்காலம் லேபிள் அக்கா வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். கடைக் கையோட, கிரீஸோட அப்படியே வந்து நின்னார். வீட்டுக்காரி நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. தண்ணி கொடுத்தா. குடிச்சார். அவர் மன்னிப்பும் கேக்கல, அறிக்கையைப் பத்தியும் பேசல.

டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கேட்டார், "நீங்க சாவி போட்டுக்கிட்டிருந்தப்போ, உள்ள இருந்து அவ சத்தம் கேட்டுச்சா?"

தங்கச்சி, இதை நான் ஹால்ல சொல்லல. உங்களுக்கும் எழுதல. வீட்டுக்காரிகிட்டகூட சொன்னதில்ல. ரெண்டாவது சாவி போடும்போது கேட்டுச்சு. அந்த அக்கா குரல் எனக்கு நல்லாத் தெரியும், பதினோரு வருஷம் தினம் காலையில கேட்ட குரல்.

"கேட்டுச்சு"ன்னேன்.

"என்ன சொன்னா?"

"'தள்ளாதீங்க, தள்ளாதீங்க, கதவண்ணன் வந்துட்டார், திறந்துடுவார்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நாலாவது சாவி வரைக்கும் கேட்டுச்சு."

"பயந்து கத்தலையா?"ன்னு கேட்டார்.

"இல்ல. சாதாரணமாச் சொன்னாங்க. லைன்ல நிக்கிறவங்களுக்குச் சொல்ற மாதிரி."

"இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னார். சொன்னேன். எழுந்து போயிட்டார்.

நேத்து மறுபடியும் வந்தார். அதே நாற்காலியில உக்காந்தார். அதையேதான் கேட்டார். நானும் ஒரு வார்த்தை மாறாம அதையேதான் சொன்னேன். போகும்போது, "நாளைக்கு வரலாமா?"ன்னார்.

வாங்கன்னு சொல்லியிருக்கேன். இதோ, தெருவுல வந்துக்கிட்டிருக்கார். மீதியை அப்புறம் எழுதறேன்.

அண்ணன்